கத்தரியும் பசையும்: ஒரு கையடக்க வழக்கு

2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ஐஃபோனில் ஒரு சொல்லை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்க வழி இருக்கவில்லை. மின்னஞ்சலில் வந்த முகவரி ஒன்றைக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டுமென்றால், அதை மனத்தில் இருத்திக்கொண்டோ தாளில் குறித்துக்கொண்டோ மறுபடியும் எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியதுதான். படச்செய்தி அனுப்ப முடியாது. பிறர் எழுதிய மென்பொருளை நிறுவ முடியாது. அதே ஆண்டு மார்ச்சில் சந்தைக்கு வந்திருந்த நோக்கியா என்95இல் இவை யாவும் இருந்தன. போதாததற்கு 5 மெகாபிக்சல் புகைப்படக் கருவியும் இடங்காட்டியும் மூன்றாம் தலைமுறை இணைப்பும் இருந்தன. கைக்கருவி ஆர்வலர்கள் இரண்டு கருவிகளின் வசதிப் பட்டியல்களையும் அருகருகே வைத்து ஐஃபோனைப் பார்த்துச் சிரித்தார்கள். 499 டாலரும் 599 டாலரும் கொடுத்து அதை வாங்கியவர்களோ பட்டியலின் பக்கமே போகவில்லை. விரலால் தள்ளினால் பக்கம் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது.

இந்த இரு சாராருக்கும் இடையிலான வழக்கைப் பொதுவாக ஒரே விதமாகத்தான் சொல்கிறார்கள். சாமானியருக்கு எளிமை வேண்டும். ஆர்வலருக்கு வசதிகள் வேண்டும். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவரிடமிருந்து பிடுங்கியதாகும் என்பது அதன் சாரம். இந்தச் சித்திரத்தில் நமக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. எது சாமானியருக்கான வசதி, எது ஆர்வலருக்கான ஆடம்பரம் என்ற எல்லைக்கோடு ஒருபோதும் ஒரே இடத்தில் நின்றதில்லை. கோட்டைப் போடுகிறவருக்கு எது ஏற்கெனவே கைகூடியிருக்கிறதோ அதைப் பொறுத்தே அது நகர்ந்து வந்திருக்கிறது. மேலே சொன்ன வெட்டி ஒட்டும் வசதியின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தாலே இது விளங்கும்.

கையெழுத்துப் பிரதியோடு மல்லுக்கட்டியவர்களுக்குக் கத்தரிக்கோலும் பசையும் புதியவை அல்ல. ஒரு பத்தியை இடம் மாற்ற வேண்டுமானால் தாளைக் கத்தரித்து, வேண்டிய இடத்தில் ஒட்டி, அச்சகத்துக்கு அனுப்புவது பதிப்பாசிரியர்களின் அன்றாட வேலையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1970களின் நடுப்பகுதியில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வகத்தில், லாரி டெஸ்லர், டிம் மாட் என்ற இருவர் 'ஜிப்சி' என்ற எழுத்துத் தொகுப்பு மென்பொருளை உருவாக்கினார்கள். அது கணினி வல்லுநர்களுக்காக எழுதப்பட்டதன்று. ஜெராக்ஸுக்குச் சொந்தமாக மாசசூசெட்ஸில் இயங்கிய ஜின் அண்ட் கம்பெனி என்ற பாடநூல் பதிப்பகத்தின் ஊழியர்களுக்காக எழுதப்பட்டது. மாட் அந்தப் பதிப்பகத்துக்கே சென்று ஆசிரியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று உடனிருந்து பார்த்தார். அவர்கள் தாளில் செய்ததைத் திரையில் செய்ய வைப்பதுதான் நோக்கம். வெட்டு, நகலெடு, ஒட்டு என்று இன்று நாம் அறிந்த மூன்று செயல்களும் இன்றைய வடிவில் பிறந்தது அங்கேதான்.

அதற்கு முன் அதே ஆய்வகத்தில் புழங்கிய 'பிராவோ' என்ற மென்பொருளைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பிராவோவில் எழுதும் நிலை வேறு, கட்டளையிடும் நிலை வேறு. கட்டளை நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து ஒருவர் ஆங்கிலத்தில் 'எடிட்' என்று நான்கு எழுத்துகளை அடித்தால், முதலெழுத்து 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்றும், இரண்டாவது 'அழி' என்றும், மூன்றாவது 'நுழை' என்றும் பொருள்பட்டு, முழு ஆவணமும் போய் 'டி' என்ற ஒற்றை எழுத்து மட்டும் திரையில் எஞ்சும். வல்லுநர்கள் இதற்குப் பழகியிருந்தார்கள். பாடநூல் ஆசிரியர் ஒருவரிடம் இதைக் கொடுக்க முடியாது என்று டெஸ்லர் உறுதியாக இருந்தார். நிலைகள் இல்லாத மென்பொருள் என்பது அவருடைய வாழ்நாள் பிடிவாதமாகவே ஆகிவிட்டது.

ஆக, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஆர்வலர்களின் ஆடம்பரம் என்று கருதப்பட்ட வெட்டி ஒட்டும் வசதி, சாமானியர்களைப் பார்த்து, சாமானியர்களுக்காகவே செய்யப்பட்டது. கோடு நகரும் என்று நாம் சொன்னது இதைத்தான்.

டெஸ்லர் 1980இல் ஆப்பிள் நிறுவனத்துக்குப் போனார். அவர் சொல்லி நிலைத்துவிட்ட கருத்து ஒன்றுண்டு. அதை அவர் பெயராலேயே விதி என்று அழைக்கிறார்கள். எந்த ஒரு வேலைக்குள்ளும் குறைக்கவே முடியாத ஒரு பங்குச் சிக்கல் இருக்கிறது. அதை ஒழிக்க முடியாது. அதைச் சுமப்பது பயனரா, மென்பொருளை எழுதுகிறவரா என்பதை மட்டுமே நாம் முடிவு செய்யலாம் என்பது அதன் சாரம். எளிமை என்ற சொல்லை வைத்துக்கொண்டு நடந்த எல்லாச் சண்டைகளுக்கும் இந்த ஒரு கருத்தை உரைகல்லாகக் கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு கருவி எளிமையாக இருக்கிறது என்று சொன்னால், அந்தச் சுமை எங்கே போயிற்று என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

1993 ஆகஸ்டில் பாஸ்டனில் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் நியூட்டன், சுமை முழுவதையும் இயந்திரத்தின் தலையில் ஏற்றப் பார்த்த கருவி. டெஸ்லரும் அதன் உருவாக்கத்தில் சில காலம் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்தான். பயனர் தம் சொந்தக் கையெழுத்தில் திரைமேல் எழுதலாம், கருவி அதைப் புரிந்துகொள்ளும் என்பது வாக்குறுதி. எண்ணம் உயர்ந்தது, அந்நாளைய செயலியின் வலிமைக்கு அது அதிகம். எழுதியது ஒன்றும் தோன்றியது வேறொன்றுமாக இருந்ததை, கருவி வந்த மாதமே 'டூன்ஸ்பரி' என்ற செய்தித்தாள் கேலிச்சித்திரத் தொடர் ஒரு வாரம் வைத்துப் பகடி செய்தது. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு மென்பொருளில் கையெழுத்து அறிதல் வெகுவாகத் திருந்திவிட்டது. ஆனால் பகடியைப் படித்தவர்கள் திருத்தத்தைப் படிக்கவில்லை. 1998 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் நியூட்டனை நிறுத்தினார். ஆர்வலர்கள் மட்டும் அதைக் கைவிடவில்லை. தயாரிப்பு நின்ற பின்னும் பல்லாண்டுகள் அதற்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதே காலத்தில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர் சுமையை வேறு விதமாகப் பிரித்தார். 1992இல் அவர் தொடங்கிய பாம் நிறுவனத்தின் மென்பொருளோடு 1993இல் வந்த ஸூமர் என்ற கையடக்கக் கருவி படுதோல்வி அடைந்திருந்தது. கருவிக்குள் எதையெல்லாம் வைக்கலாம் என்று யோசித்ததுதான் தவறு என்று அவருக்குப் பட்டது போலும். அடுத்த கருவியைத் திட்டமிடும்போது, சட்டைப் பையில் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிக்கொண்டு, எங்கு போனாலும் அதைக் கொண்டுபோனார். சந்திப்பு எப்போது என்று யாராவது கேட்டால் கட்டையை எடுத்து, முனை சீவிய சாப்ஸ்டிக் குச்சி ஒன்றால் அதன்மேல் தட்டி நாட்குறிப்பைப் பார்ப்பதுபோல் நடிப்பார். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. ஆனால் எந்த வேலைக்காகக் கை பைக்குப் போகிறது, எத்தனை தட்டலில் அந்த வேலை முடிய வேண்டும் என்பதை அவர் இப்படித்தான் கண்டுகொண்டார்.

1996இல் வந்த பாம் பைலட், 128 கிலோபைட் நினைவகத்தோடு 299 டாலருக்கும், 512 கிலோபைட்டோடு 369 டாலருக்கும் விற்றது. இரண்டு சிறு மின்கலங்களில் வாரக்கணக்கில் ஓடியது. நாட்குறிப்பு, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பேடு என்ற நான்கிற்கும் நான்கு பொத்தான்கள். கணினியோடு இணைக்கத் தொட்டிலில் ஒரு பொத்தான். 'சேமி' என்ற கட்டளை அதில் இல்லை, 'மூடு' என்ற கட்டளையும் இல்லை; ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் விட்டது விட்ட இடத்திலேயே இருக்கும். அதன் இடைமுகத்தை வடிவமைத்த ராப் ஹைதானி ஒவ்வொரு செயலுக்கும் எத்தனை தட்டல் என்று எண்ணிக்கொண்டேயிருந்தார் என்பார்கள். புதிய சந்திப்பு ஒன்றைக் குறிப்பது அன்றாட வேலை, அதற்குப் பொத்தான் திரையிலேயே வேண்டும்; அழிப்பது எப்போதோ செய்யும் வேலை, அது பட்டியலுக்குள் போகட்டும் என்பது அவர்களுடைய கணக்கு. தமிழ் வீடுகளின் அடுக்களை அலமாரியில் அஞ்சறைப்பெட்டி கைக்கெட்டும் இடத்திலும் பண்டிகைப் பாத்திரம் பரணிலும் இருப்பதற்கும் இதே கணக்குதான் காரணம்.

ஆனால் பாமின் மிகத் துணிச்சலான முடிவு அதன் எழுத்து முறையில் இருந்தது. 'கிராஃபிட்டி' என்று பெயரிடப்பட்ட அந்த முறையில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் பேனா எடுக்காத ஒற்றைக் கோடு. முதல் எழுத்துக்குக் குறுக்குக் கோடு கிடையாது. கூரை மாதிரி ஏறி இறங்கினால் போதும். நியூட்டன் மனிதரின் கையெழுத்தைப் புரிந்துகொள்ள முயன்றது. பாம், மனிதரே இயந்திரத்துக்குப் புரிகிற கையெழுத்தைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது. தொழில்நுட்பம் அறிந்தவர்கள் பலருக்கு இது அபத்தமாகத் தோன்றியது. சாமானியர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார் என்பது அவர்களின் நெடுநாள் முன்முடிவு. கற்றுக்கொண்டார்கள். கற்க வேண்டியதற்கு ஓர் எல்லை தெரிந்து, கற்றதற்கு உடனே பலன் கிடைக்குமானால் சாமானியர் எதையும் கற்பார் என்பதைக் கைக்கருவி வரலாற்றில் இவ்வளவு தெளிவாக நிறுவிய வேறொன்றை நாம் அறியோம். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளாதவரா அவர்?

கற்றது கையோடு ஒட்டிக்கொண்டது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. இந்த ஒற்றைக் கோட்டு முறை தன் காப்புரிமையை மீறுகிறது என்று 1997இல் ஜெராக்ஸ் வழக்குத் தொடுத்தது. வழக்கு இழுத்தபடி இருக்க, 2003இல் பாம் தன் எழுத்து முறையையே மாற்றிவிட்டது. புதிய முறையில் சில எழுத்துகளுக்கு இரண்டு கோடுகள் வேண்டும். பார்ப்பதற்குச் சாதாரணக் கையெழுத்துக்கு இன்னும் நெருக்கம். புதிதாக வருகிறவர்களுக்கு இன்னும் எளிது. ஆனால் ஏழாண்டுகளாகக் கோடிழுத்துப் பழகிய கைகள் முரண்டு பிடித்தன. அப்போது ஆர்வலர்கள் பழைய கருவிகளிலிருந்து பழைய எழுத்து முறையின் கோப்புகளை எடுத்துப் புதிய கருவிகளில் போட்டுக்கொள்ளும் வழியைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொன்னார்கள். சாமானியரும் ஆர்வலரும் ஒரே அணியில் நின்ற அரிய தருணங்களில் அது ஒன்று. ஜெராக்ஸின் காப்புரிமை செல்லாது என்று 2004இல் தீர்ப்பானது. பாம் பழைய முறைக்குத் திரும்பவில்லை.

எதிரணியில் மைக்ரோசாஃப்ட் நின்றது. அதன் கையடக்கக் கருவிகள் மேசைக் கணினியைச் சுருக்கிக் கையில் கொடுத்தது போலிருந்தன. மூலையில் 'ஸ்டார்ட்' பட்டியல், கோப்புறைகள், ஒரே நேரத்தில் பல நிரல்கள். ஆர்வலர்களுக்கு இது விருந்து. வண்ணத்திரையும் இசையும் சொற்செயலியும் இருக்கையில் நான்கு பொத்தான் கருவியை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். இந்தக் கருவிகளில்தான் நம் வழக்கின் மிக வேடிக்கையான அத்தியாயம் தொடங்கியது. அது நிரல்களை மூடுவது பற்றியது.

2002ஆம் ஆண்டின் பாக்கெட் பிசி பதிப்பில் திரையின் மேல் மூலையில் பெருக்கல் குறி ஒன்று வைக்கப்பட்டது. மேசைக் கணினியில் அதை அழுத்தினால் நிரல் முடிந்துபோகும். இங்கே அழுத்தினால் நிரல் மறையுமே தவிர முடியாது, பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். நினைவகம் குறையும்போது கருவியே பழைய நிரல்களை முடித்துக்கொள்ளும், பயனருக்கு அந்தக் கவலை வேண்டாம் என்பது மைக்ரோசாஃப்டின் வாதம். டெஸ்லரின் பாஷையில் சொன்னால், சுமையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆர்வலர்கள் ஏற்கவில்லை. மூடு என்றால் மூட வேண்டும் என்றார்கள். நிரல்களை உண்மையாகவே முடித்துவைக்கும் சிறு மென்பொருள்களை எழுதினார்கள். சில கருவித் தயாரிப்பாளர்களே அப்படிப்பட்டவற்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இரு தரப்பிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஏனெனில் இயந்திரம் தான் ஏற்ற சுமையைச் சரியாகச் சுமக்கவில்லை. நாள் செல்லச் செல்லக் கருவி மந்தமாவதை எவரும் பார்க்க முடிந்தது. பழைய வாக்குறுதிக்கு வந்த பெருக்கல் குறி என்றும் இதைக் கொள்ளலாம்.

இந்த அத்தியாயம் அத்தோடு முடியவில்லை. ஆண்ட்ராய்டு வந்ததும், நிரல்களைக் கொல்லும் மென்பொருள்கள் 2009, 2010 ஆண்டுகளில் அமோகமாகப் பரவின. 2010 ஏப்ரலில் ஆண்ட்ராய்டின் பொறியாளர் டயான் ஹாக்பார்ன், நிரல்களை முடிக்கும் பொறுப்பை அமைப்பு ஏன் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது என்று விரிவாக விளக்கினார். அதே மாதம் ஐஃபோனில் பல நிரல்களை ஒருசேர ஓட விடும் வசதியை அறிவித்த ஸ்டீவ் ஜாப்ஸ், நிரல்களை நிர்வகிக்கும் பட்டியல் ஒன்று பயனர் கண்ணில் பட்டாலே வடிவமைத்தவர் தோற்றுவிட்டார் என்று பொருள்பட மேடையிலேயே சொன்னார். ஆனால் நிரலை விரலால் மேலே சுண்டி எறியும் சைகை 2009இல் பாமின் 'ப்ரீ' செல்பேசியில் பிறந்து, அதை வடிவமைத்த மட்டியாஸ் துவார்த்தே கூகுளுக்குச் சென்றபின் ஆண்ட்ராய்டில் பக்கவாட்டில் சுண்டும் சைகையாக வேறு உருக்கொண்டு, 2013இல் ஐஃபோனுக்கும் வந்து சேர்ந்தது. 'மூடு' என்ற கட்டளையே இல்லாமல் கருவி செய்த நிறுவனத்திலிருந்து வந்த சைகை அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்று பேருந்தில் அருகில் அமர்ந்திருப்பவர் செல்பேசியைப் பைக்குள் வைக்குமுன் திறந்திருந்த நிரல்களை ஒவ்வொன்றாகச் சுண்டிவிடுவதைப் பார்க்கிறோம். அதனால் மின்கலம் மிச்சமாகிறது என்று நம்புகிறார். 2016இல் ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியே அப்படி ஒன்றும் மிச்சமாவதில்லை என்று ஒரு பயனருக்குப் பதில் எழுதினார். அது பலன் தராது என்று அறிந்திருப்பவர்கள் இன்று ஆர்வலர்கள். விடாமல் செய்கிறவர்கள் சாமானியர்கள். 2002இல் யார் மூட வேண்டும் என்றார்கள், யார் கவலைப்படவில்லை என்பதை நினைத்துக்கொண்டால், இரு அணிகளும் நடுவில் எப்போதோ இடம் மாறிக்கொண்டுவிட்டன. வீட்டை விட்டுக் கிளம்பும்போது பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது போன்ற ஒன்று இது. மனிதர் தம் பொருளின்மேல் தமக்கும் ஒரு கை இருக்கிறது என்று உணர விரும்புகிறார். வடிவமைப்பாளர்களின் கணக்கில் இதற்கு இடமில்லாமல் போனது ஒரு குறைதான்.

ஐஃபோனுக்குத் திரும்புவோம். அது வந்த சில வாரங்களுக்குள் ஆர்வலர்கள் அதன் காவலை உடைத்து உள்ளே போய்விட்டார்கள். அதற்குச் சிறையுடைப்பு என்றே பெயர் வைத்தார்கள். ஆப்பிளின் கடை திறக்கும் முன்பே, 2008 பிப்ரவரியில், ஜே ஃப்ரீமன் என்பவர் 'சிடியா' என்ற பெயரில் இந்தச் சிறை உடைத்த கருவிகளுக்கான மென்பொருள் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். ஐந்தே மாதத்தில், ஜூலை 10 அன்று, ஆப்பிள் தன் கடையைச் சுமார் 500 மென்பொருள்களோடு திறந்தது. பிறர் மென்பொருளை நிறுவுவது என்ற ஆர்வலர் ஆசை, ஓராண்டில் உலகத்துச் சாமானியர் அனைவரின் அன்றாடமாகிவிட்டது. ஆனால் அவர்களுக்குத் திறக்கப்பட்டது ஒரே ஒரு வாசல். அதன் சாவி நிறுவனத்தின் இடுப்பில். சாமானியரின் பாதுகாப்புக்காக என்பது விளக்கம். அதில் உண்மையும் உண்டு, வணிகமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குப் பணிந்து அங்கு மட்டும் வேறு வாசல்களை ஆப்பிள் அனுமதித்தது 2024 மார்ச்சில்தான்.

வெட்டி ஒட்டும் வசதி 2009 ஜூன் 17 அன்று, மூன்றாம் பதிப்பு மென்பொருளோடு வந்தது. சொல்லின்மேல் இருமுறை தட்டினால் அது நீலமாகும், இரு முனைகளிலும் சிறு பிடிகள் தோன்றும், இழுத்து அகலப்படுத்தலாம், மேலே ஒரு குமிழியில் மூன்று சொற்கள். கருவியைக் குலுக்கினால் செய்தது திரும்பும். ஒரு குழந்தைகூட ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும்படி இருந்தது. இரண்டாண்டு தாமதத்துக்கு இதுதான் பலன் என்று ஒரு சாரார் சொன்னார்கள். நோக்கியாவில் எப்போதோ இருந்தது என்று மறு சாரார் சொன்னார்கள். நோக்கியாவில் அதற்கென்றே ஒரு பென்சில் பொத்தான் இருந்தது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு திசைப்பொத்தானை நகர்த்த வேண்டும். வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கண்டுபிடித்தார்கள் என்பது வேறு விஷயம். இருப்பது வேறு, கைக்குக் கிடைப்பது வேறு. இந்த ஒன்றில் நாம் சாமானியர் கட்சி.

இதுவரை சொன்னதெல்லாம் ஆங்கிலம் எழுதுகிறவர்களின் வழக்கு. அவர்களுக்கு எழுத்து திரையில் தோன்றுவதும் விசைப்பலகை இருப்பதும் வசதிகளின் கணக்கிலேயே வராது, அவை தரை. அந்தத் தரை இல்லாதவர்களுக்கு அதே வழக்கு எப்படி இருந்தது என்பதைத் தமிழ் வாசகர் நேரடியாக அறிவார். நாம் கோடு போடுகிறவரைப் பற்றிப் பேசியதற்கும் காரணம் இதுவே.

ஒருங்குறியில் 'கொ' என்று எழுதினால், முதலில் ககரமும் பின்பு ஒகரக் குறியுமே கோப்பில் பதிவாகின்றன. திரையில் காட்டும்போது குறியின் ஒரு பாதியைப் பிரித்து முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. 2000களின் இறுதியில் பெரும்பாலான செல்பேசிகள் இந்த வேலையைச் செய்யவில்லை. எழுத்துரு இல்லாதவற்றில் வரிசையாகப் பெட்டிகள் தெரிந்தன. இருந்தவற்றில் ஒற்றைக் கொம்பும் காலும் ககரத்துக்குப் பின்னால் சேர்ந்து நின்றன. அப்போது கைகொடுத்தது நார்வே நாட்டு நிறுவனம் ஒன்றின் உலாவியான ஓபரா மினி. 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியான அது, வலைப்பக்கத்தைத் தன் வழங்கியில் இறக்கிச் சுருக்கிச் செல்பேசிக்கு அனுப்பும். எளிய, மலிவான கருவிகளிலும் ஓடும். அதன் முகவரிப் பெட்டியில் ஆங்கிலத்தில் 'ஓபரா' என்றும் ஒரு முக்காற்புள்ளியும் 'கான்ஃபிக்' என்றும் அடித்தால், எந்தப் பட்டியலிலும் காணப்படாத ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். அதன் அடியில், சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்தலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். 'ஆம்' என்று மாற்றிச் சேமித்தால் அடுத்த பக்கத்திலிருந்து தமிழ் தெரியும். வழங்கியே எழுத்தை வரைந்து படமாக அனுப்பிவிடும். பக்கத்தின் எடை கூடும், படமாகிவிட்ட எழுத்தை எடுத்தாள முடியாது. ஆனால் படிக்கலாம்.

ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதுகிற எழுத்துக்குச் 'சிக்கலான எழுத்துமுறை' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தொழில்நுட்பச் சொல். ஆனால் அந்த ஒற்றை வரி எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பதுக்கி வைத்த பக்கம், தேடித் துருவுகிறவர்களுக்கான பக்கம் அது. ஒரு செய்தித்தாளை, ஒரு சிறுகதையைத் தம் மொழியில் படிக்க விரும்பியவர், எந்த வசதியிலும் நாட்டமில்லாத மிகச் சாமானியரானாலும், அங்கே போயாக வேண்டும். தமிழில் படிக்க விரும்பியதாலேயே அவர் ஆர்வலராக்கப்பட்டார். யாரோ ஒருவர் துருவிக் கண்டுபிடித்து அடுத்தவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, எண் பொத்தான்களில் அந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தி ஒரு பெருங்கூட்டம் உள்ளே வந்தது. அந்த அமைப்பைத் தேவையற்ற குப்பை என்று எளிமையின் பெயரால் எவரேனும் நீக்கியிருந்தால், சில ஆண்டுகளுக்கு நமக்குக் கைப்பேசி வாசிப்பே இருந்திராது.

எழுதுவதிலும் இதே கதை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005இல் சிங்கப்பூரில் வெளியாகிச் செல்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியைச் சாத்தியமாக்கியது. அதற்குப் பின் எந்த விசைப்பலகை என்ற நம் வீட்டுச் சண்டை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பே முறையானது, விரைவானது என்று கணித்தமிழ் ஆர்வலர்கள் வாதிட்டார்கள், இன்றும் வாதிடுகிறார்கள். உயிரெழுத்துகள் ஒரு கையிலும் மெய்கள் மறு கையிலும் அமையும் அதன் ஒழுங்கில் அழகு உண்டு. நாமும் அதற்கே வாக்களிப்போம். சாமானியரோ ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஒலிப்படி அடித்துத் தமிழாக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார்.

இவர்கள் இருவருக்கும் பொதுவான தடை ஒன்று இருந்தது. ஆண்ட்ராய்டில் பிறர் எழுதிய விசைப்பலகையைக் கருவி முழுவதற்கும் பொருத்திக்கொள்ளும் வழி 2009இலேயே வந்துவிட்டது. ஐஃபோனில் அது வர 2014 ஆயிற்று. வேறு விசைப்பலகை என்பது சில ஆர்வலர்களின் விருப்பம், இருக்கிற பலகை எல்லோருக்கும் போதும் என்பது ஆங்கிலத்தில் சரிதான். தமிழ் எழுதுகிறவருக்கு அந்தப் பலகைதான் பேனா. 2013இல் ஏழாம் பதிப்பு மென்பொருளோடு ஆப்பிளே தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு பலகைகளையும் உள்ளேயே வைத்துக் கொடுக்கும்வரை, ஐஃபோனில் தமிழுக்கு இருந்த வழி சுற்றுவழி. செல்லினம் போன்ற ஒரு செயலியைத் திறந்து, அதற்குள் இருக்கும் பலகையில் கடிதத்தை எழுதி, எழுதியதை முழுவதும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, பிறகு அஞ்சல் செயலிக்குப் போய் அங்கே ஒட்ட வேண்டும். ஒரு பிழையைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி அங்கே போய் எழுதி, வெட்டி, இங்கே வந்து ஒட்ட வேண்டும். நான்கு ஆண்டுகள் ஐஃபோன் வைத்திருந்த தமிழர்கள் தங்கள் கடிதங்களை இப்படித்தான் எழுதினார்கள், 2009 ஜூன் 17க்குப் பின் வந்த கத்தரியையும் பசையையும் கொண்டு.